என்ஜின் சூட்டிலிருந்து பற்றரியை வெளியே எடுக்கலாமா? வாகனம் வைத்திருக்கும் வியாபாரிகள் பார்க்க வேண்டிய கணக்கு

நமது வியாபாரச் சகோதரர்களில் அநேகமானோரிடம் சாமான் ஏற்றி இறக்க ஒரு கெப் வாகனமாவது இருக்கிறது. மீன், மரக்கறி, புடவை, அரிசி, ஹாட்வெயார் என்று எந்த வியாபாரமானாலும் வாகனம் ஓடினால்தான் கல்லாவில் காசு விழும். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் பரவலாகத் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இருக்கிற வாகனத்தையே பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓட்டும் நிலைக்கு எல்லோரும் வந்துவிட்டோம். 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது வாகனச் சாமான்களின் விலையும் ஏறியது. முன்பெல்லாம் பற்றரி பழுதானால் புதிதாக ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டு மறந்துவிடுவோம். இப்போது அது யோசித்துச் செய்ய வேண்டிய செலவாகிவிட்டது.

இந்த நிலையில் கராஜ்களில் ஒரு யோசனை அடிக்கடி காதில் விழுகிறது. "என்ஜினுக்குப் பக்கத்தில் இருக்கிறபடியால்தான் ஹாஜியார் பற்றரி சீக்கிரம் சாகுது. அதைக் கழற்றி வெளியே செசியில் போட்டுவிடுவோம். வயர் ரெண்டையும் கொஞ்சம் நீட்டினால் வேலை முடிஞ்சுது" என்பார்கள். கேட்பதற்கு மிக இலகுவான வேலையாகத் தோன்றும். சாமான் ஏற்றியிறக்கும் தொழிலோடு நீண்ட காலம் தொடர்புடையவன் என்ற வகையில் இதைப் பற்றி என்னிடமும் பலர் கேட்டிருக்கிறார்கள். எனது முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யோசனை தவறானதல்ல. ஆனால், "வயரை நீட்டினால் முடிந்தது" என்பது தவறு. அத்தோடு, கேட்டவர்களில் பலருக்கு அந்த வேலை தேவையே இல்லை.

சூடு பற்றரியை என்ன செய்கிறது?

நாம் பாவிக்கும் சாதாரண பற்றரி ஈயத் தகடுகளும் சல்பூரிக் அசிட்டும் கொண்டது. அதற்குள் நடப்பது ஓர் இரசாயன வேலை. சூடு கூடினால் இரசாயன வேலையின் வேகமும் கூடும். பிளஸ் பக்கத் தகட்டின் சட்டகம் வேகமாக அரித்துப்போகும். தண்ணீரும் சீக்கிரம் வற்றும். சூடு ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் கூடும் ஒவ்வொரு தடவையும் பற்றரியின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது இத்துறையில் உள்ளவர்கள் வைத்திருக்கும் பொதுவான கணக்கு.

பொனட்டுக்குள் நிலைமை எப்படியிருக்கிறது என்று பாருங்கள். கல்முனையிலிருந்து அம்பாறை, மஹியங்கனை வழியாக கண்டிக்குப் போகும் கெப் ஒன்று, லோட்டோடு பதினெட்டு வளைவு ஏற்றத்தில் ஏறுகிறது. கியர் தாழ்வு, வேகம் குறைவு, ஆகவே காற்றோட்டமும் குறைவு. ரேடியேட்டரின் சூடு முழுவதும் பின்னுக்கு வருகிறது. அந்நேரம் என்ஜின் பகுதியின் காற்று 60 பாகையைத் தாண்டுவது சாதாரணம். மேலே ஏறி தேநீர் குடிக்க நிறுத்தியவுடன் சூடு இன்னும் ஏறும். ஏனெனில் காற்றாடியும் நின்றுவிடுகிறது, வாகனமும் நின்றுவிடுகிறது. ஆக, சூடு பற்றரிக்கு எதிரி என்பதில் சந்தேகமில்லை.

கம்பனிகள் எங்கே வைக்கின்றன?

கென்டர், எல்ஃப் போன்ற லொறிகளைப் பாருங்கள். பற்றரி செசியின் பக்கவாட்டில், கெபினுக்குப் பின்னால் வெளியே இருக்கும். என்ஜின் சூடு அதற்குப் படாது. தண்ணீர் பார்க்கவும் கழற்றவும் வசதி. ஹைலக்ஸ், எல்-200 போன்ற கெப் வாகனங்களில்தான் அது பொனட்டுக்குள் இருக்கிறது. பிரியஸ் காரின் பல மொடல்களில் 12 வோல்ட் பற்றரி பின்பக்கத்தில் சாமான் வைக்கும் இடத்தின் ஓரத்தில் இருக்கிறது. பி.எம்.டபிள்யூ. கார்கள் பலவற்றிலும் அப்படித்தான்.

ஆகவே பற்றரியை என்ஜினுக்கு வெளியே வைப்பது கம்பனிகளே செய்கின்ற வேலைதான். ஆனால் அப்படி வைக்கும்போது அவர்கள் வேறு என்னென்ன செய்கிறார்கள் என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை. பிரியஸ் பற்றரியிலிருந்து வெளிவரும் வாயு காருக்குள் தங்காமல் வெளியே போவதற்கென்று ஒரு சிறிய குழாய் போட்டிருக்கிறார்கள். பி.எம்.டபிள்யூ.வில் விபத்து நேர்ந்தால் பின்னாலிருந்து முன்னால் போகும் நீண்ட கேபிளை அந்தக் கணமே துண்டித்துவிட, பிளஸ் முனையிலேயே சிறு வெடி போன்ற ஓர் அமைப்பு உண்டு. காரணம் ஒன்றுதான்: நீண்ட கேபிள் என்பது ஆபத்தான சாமான். அதை அறிந்துதான் அவர்கள் அவ்வளவு செலவு செய்கிறார்கள்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

பற்றரி சீக்கிரம் சாவதற்குச் சூடு மட்டும் காரணமல்ல. வேறு காரணம் இருக்கும்போது பற்றரியை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அது சாகத்தான் போகிறது. பெரிய கடையொன்றில் தேவையில்லை, ஒரு சாதாரண டிஜிட்டல் மீற்றரை வைத்தே பாதி விடயங்களைக் கண்டுபிடித்துவிடலாம்.

முதலாவது, அல்டனேட்டர். என்ஜின் ஓடும்போது பற்றரியின் இரு முனைகளிலும் மீற்றரை வைத்தால் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். 14.8ஐத் தாண்டினால் சார்ஜ் கூடிப்போய் பற்றரி கொதிக்கிறது என்று அர்த்தம். ரெகுலேட்டரை மாற்றுவதுதான் அதற்கு மருந்து. 13.5க்குக் கீழே நின்றால் சார்ஜ் போதவில்லை. பெல்ட், அல்டனேட்டர், வயர் முனைகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, இரவில் நடக்கும் களவு. சாவியை எடுத்த பிறகும் ஓடியோ, கூடுதல் ஹோர்ன், ஜி.பி.எஸ். கருவி போன்றவை மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எல்லாம் நிறுத்திய நிலையில் 50 மில்லி அம்பியருக்கு மேல் ஓடினால் எங்கோ பிழை இருக்கிறது. ஒவ்வொரு பியூஸாகக் கழற்றிப் பார்த்தால் கள்ளன் அகப்படுவான்.

மூன்றாவது, தண்ணீர். ஆறு அறைகளிலும் ஒரே அளவாகத் தண்ணீர் குறைந்தால் அது சூட்டினாலோ கூடிய சார்ஜினாலோ வருவது. ஓர் அறையில் மட்டும் குறைந்தால் அந்த அறை பழுது, பற்றரியின் காலம் முடிகிறது.

நான்காவது, ஆட்டம். பற்றரியைப் பிடிக்கும் கிளாம்ப் துருப்பிடித்துக் கழன்று போயிருந்தால் நமது உள்ளூர்ப் பாதைகளில் அது குலுங்கிக் குலுங்கித் தகடுகளிலிருந்து மருந்து உதிரும். பற்றரியின் அடியில் ஒரு றப்பர் துண்டும் மேலே ஒரு நல்ல கிளாம்ப்பும் போடுவது எவ்வளவு சின்ன வேலை!

ஐந்தாவது, ஸ்டார்ட்டர். அதன் புஷ் தேய்ந்து போயிருந்தால் வழமையை விடக் கூடுதலாக அம்பியர் இழுக்கும். பற்றரியில் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை.

ஒன்றாய்விட்ட ஓய்வுக்குப் பிறகு, அதாவது இரவு முழுதும் வாகனம் நின்ற பின், பற்றரி 12.6 வோல்ட் அளவில் இருந்தால் அது முழுமையாகச் சார்ஜாகியிருக்கிறது. 12.4 என்றால் முக்கால்வாசி. 12.2 என்றால் பாதி. இந்த மூன்று எண்களையும் சாரதிக்குச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பற்றரி வருடக்கணக்கில் நில்லாமல் போகிறதென்றால் சூட்டை அளந்து பாருங்கள். துப்பாக்கி போன்ற வடிவில் தூரத்திலிருந்து சூடு பார்க்கும் கருவிகள் விற்கிறார்கள். கொரோனா காலத்தில் கடை வாசலில் நெற்றிக்குப் பிடித்த கருவி இதற்கு உதவாது. அது மனித உடம்பின் சூட்டை மட்டும் காட்டுவதற்கென்று செய்யப்பட்டது. லோட்டோடு நீண்ட ஓட்டம் ஓடி வந்து நிறுத்திய பத்தாவது நிமிடத்தில் பற்றரியின் பக்கச் சுவரில் பிடித்துப் பார்க்க வேண்டும். அடிக்கடி 50 பாகைக்கு மேல் காட்டினால்தான் இடம் மாற்றும் பேச்சுக்கே வர வேண்டும்.

அப்போதும் கூட முதலில் ஒரு மலிவான வழி இருக்கிறது. பற்றரிக்கும் என்ஜினுக்கும் இடையில் ஒரு தகட்டு மறைப்பு. பல வாகனங்களில் கம்பனியே பற்றரிக்கு உறையோ மறைப்போ கொடுத்திருக்கும். முந்திய பாஸ் ஒருவர் கழற்றி எறிந்திருப்பார். அதைத் திரும்பப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரலாம்.

ஏட்டில் போட்டுப் பார்ப்போம்

வியாபாரி என்பவன் கணக்குப் பார்க்காமல் ஒரு செலவில் இறங்கக்கூடாது. எனவே ஒரு மாதிரிக் கணக்கைத் தருகிறேன். விலைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பற்றரி 40,000 ரூபா என்று வைப்போம். என்ஜின் சூட்டில் அது ஒன்றரை வருடம் நிற்கிறது. வெளியே வைத்தால் மூன்று வருடம் நிற்கும். தரமான கேபிள், பெட்டி, பியூஸ், கூலி எல்லாம் சேர்த்து இடம் மாற்றும் வேலைக்கு 60,000 ரூபா.

மாற்றாமல் விட்டால்: இன்று 40,000. ஒன்றரை வருடத்தில் மொத்தம் 80,000. மூன்று வருடத்தில் 120,000. நாலரை வருடத்தில் 160,000.

மாற்றினால்: இன்று பற்றரியோடு சேர்த்து 100,000. மூன்று வருடத்தில் 140,000. அதற்குப் பிறகு ஆறாவது வருடம் வரை செலவில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாலரை வருடம் போகும் வரைக்கும் மாற்றியவருக்குத்தான் செலவு கூட. இரண்டு வருடத்தில் வாகனத்தை விற்க நினைத்திருப்பவருக்கு இந்த வேலை நட்டம். அதே வாகனத்தை இன்னும் ஆறேழு வருடம் வைத்து ஓட்டப்போகிறவருக்கே அது இலாபம்.

ஆனால் பற்றரியின் விலை மட்டுமே கணக்கல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஐஸ் போட்ட மீனோடு பேலியகொடைக்குப் போகும் வாகனம் நடுவழியில் ஸ்டார்ட் ஆகாமல் நின்றால் அன்றைய விலை போய்விடும். தம்புள்ளைக்கு விடியற்காலை போய்ச் சேர வேண்டிய தக்காளி பகலில் போனால் கேட்பாரில்லை. அப்படிப்பட்ட லோட் ஏற்றுபவர் வருடத்துக்கு ஒரு தடவை பற்றரியினால் பாதையில் நிற்கிறார் என்றால் கணக்கு உடனே மாறிவிடும். சீமெந்து, டைல்ஸ் ஏற்றும் ஒருவருக்கு அந்த அவசரம் இல்லை. ஆகவே ஒருவர் செய்தார் என்பதற்காக இன்னொருவர் செய்யக் கூடாது. உங்கள் சரக்கு எது, உங்கள் பாதை எது என்று பார்த்து முடிவெடுங்கள்.

மாற்றுவதானால் எங்கே?

மாற்றுவதென்று முடிவெடுத்துவிட்டால் நல்ல இடம் ஒன்றுதான்: கெபினுக்கும் பின் சில்லுக்கும் இடையில், செசியின் வெளிப்பக்கம். கென்டரில் கம்பனி வைத்த அதே இடம். சைலன்சர் குழாய் போகும் பக்கத்தில் வைக்கக்கூடாது. டீசல் தாங்கிக்குப் பக்கத்திலும் கூடாது.

சிலர் பொடிக்குள்ளேயே, சாமான் ஏற்றும் இடத்தின் ஒரு மூலையில் பற்றரியை வைத்து மேலே சாக்குகளைப் போட்டுவிடுகிறார்கள். இது மிக மோசமான பழக்கம். சார்ஜாகும்போது பற்றரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியாகும். காற்றில் அது 4 வீதத்தை எட்டினாலே ஒரு தீப்பொறி போதும். காஸ் சிலிண்டர், தின்னர், பெயின்ட் ஏற்றுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும். புடவை ஏற்றுபவருக்கு வேறொரு நட்டம்: அசிட் பட்ட துணியில் உடனே ஒன்றும் தெரியாது. கடைக்கு வந்து மடிப்பை விரித்தால் ஓட்டை ஓட்டையாக இருக்கும். கெபினுக்குள் ஆசனத்துக்கு அடியில் வைப்பதும் கூடாது. வைத்தே ஆக வேண்டுமென்றால் மூடிய வகைப் பற்றரியும், வாயு வெளியே போகும் குழாயும் கட்டாயம்.

வெளியே வைப்பதில் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று களவு. பூட்டுப் போடக்கூடிய இரும்புப் பெட்டி செய்துகொள்ள வேண்டும். காற்றுப் போக அதில் துளைகள் இருக்க வேண்டும். மூடியின் உட்பக்கம் பற்றரி முனைகளில் முட்டாதபடி றப்பர் ஒட்ட வேண்டும். மற்றது தண்ணீர். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதி வியாபாரிகள் பட்ட பாடு நமக்குத் தெரியும். 2025 நவம்பரில் டித்வா புயலின் போதும் நாடு முழுவதும் பார்த்தோம். பெட்டியை எவ்வளவு உயர்த்தி வைக்க முடியுமோ அவ்வளவு உயர்த்தி, செசியின் மேல் விளிம்புக்கு ஒட்டினாற்போல் வைப்பது நல்லது.

டீசல் கெப் ஒன்றுக்குப் போடும் 70 அம்பியர் பற்றரி 18 கிலோ அளவு பாரம். பெட்டி வேறு. குழியில் விழுந்து எழும்பும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பாரம் பல மடங்காகும். ஆகவே பெட்டியைச் செசியில் போல்ட் போட்டுப் பிடிக்க வேண்டும். செசியில் ஏற்கெனவே உள்ள துளைகளைப் பாவிக்கலாம். புதிதாகத் துளைப்பதானால் செசியின் பக்கச் சுவரில் மட்டும் துளைக்கலாம். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் கை வைக்கவே கூடாது. செசியின் பலம் அந்த இரண்டு விளிம்புகளில்தான் இருக்கிறது.

காசு போக வேண்டியது கேபிளுக்கு

என்ஜினை ஸ்டார்ட் பண்ணும் அந்தச் சில விநாடிகளில் டீசல் வாகனத்தின் ஸ்டார்ட்டர் 300 அம்பியர் அளவில் இழுக்கும். அவ்வளவு மின்சாரம் போகும்போது கேபிளின் நீளமும் தடிப்பும் பெரிய விடயம். பற்றரி மூன்று மீற்றர் தூரத்துக்குப் போகிறது என்று வைப்போம். 25 சதுர மில்லிமீற்றர் செம்புக் கேபிள் போட்டால் வழியிலேயே 0.6 வோல்ட்டுக்கு மேல் இழந்துவிடும். 50 சதுர மில்லிமீற்றர் போட்டால் 0.3 வோல்ட் அளவு. 70 போட்டால் அதைவிடக் குறைவு. ஸ்டார்ட்டருக்குப் போகும் பிளஸ் வழியில் அரை வோல்ட்டுக்கு மேல் இழக்கக்கூடாது என்பது பொதுவான அளவுகோல். ஆகவே பழைய கேபிளோடு இன்னொரு துண்டைச் சேர்த்து நீட்டும் வேலை வேண்டவே வேண்டாம். புதிதாக ஒரே துண்டாக, 50 அல்லது 70 சதுர மில்லிமீற்றர் கேபிள் போடுங்கள்.

பஞ்சிகாவத்தையில் கேபிள் வாங்குபவர்கள் முனையைச் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி நிறம் என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். அதே தடிப்பில் செம்பை விட ஒன்றரை மடங்குக்கும் மேல் மின்தடை கொண்டது. விற்பவர் அலுமினியம் என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. செம்பு என்று சொல்லி விற்றால் அது நிறுவையில் குறைப்பதைப் போன்றதுதான். அந்த வியாபாரத்தில் பரக்கத் எப்படி வரும்?

முனைகளில் போடும் லக்கைச் சுத்தியலால் அடித்து நசுக்குவது நமது கராஜ்களில் சாதாரணம். அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். அதற்கென்று ஹைட்ரோலிக் கருவி இருக்கிறது. நல்ல எலக்ட்ரிக் பாஸிடம் அது இருக்கும்.

காவலில்லாத பத்தடி

இந்தக் கட்டுரையில் ஒரேயொரு விடயத்தை மட்டும் ஞாபகம் வைப்பதானால் இதை வையுங்கள்.

கம்பனி செய்த வாகனத்தில் பற்றரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே பிரதான பியூஸ் இருக்கும். அங்கிருந்துதான் மற்ற வயர்கள் பிரிந்து போகும். எங்காவது ஷோட் ஆனால் பியூஸ் எரிந்து வாகனத்தைக் காப்பாற்றும். பற்றரியை மட்டும் பின்னுக்குக் கொண்டுபோனால் அந்தப் பியூஸ் பழைய இடத்திலேயே, பொனட்டுக்குள் நின்றுவிடுகிறது. பற்றரியிலிருந்து அந்தப் பியூஸ் வரைக்கும் வருகிற பத்தடிக் கேபிளுக்குக் காவல் எதுவுமில்லை. அது செசியின் கூரான விளிம்பில் உரசி உறை தேய்ந்து இரும்பில் பட்டால் ஆயிரம் அம்பியருக்கு மேல் பாயும். கேபிள் சிவக்கப் பழுத்துவிடும். அதை நிறுத்த ஒன்றுமில்லை. பற்றரி முழுதாக இறங்கும் வரை எரியும். பக்கத்தில் டீசல் குழாய் போகிறது என்றால் மேலே சொல்லத் தேவையில்லை.

கிழக்கிலிருந்து புடவை ஏற்றிப்போன ஒரு கெப் வாகனத்தின் எரிந்த கோதை நான் பார்த்திருக்கிறேன். கராஜின் பெயர் இங்கே தேவையில்லை. கேபிள் போன துளைக்கு ஒரு றப்பர் வளையம் கூடப் போட்டிருக்கவில்லை. பிளாஸ்டிக் டை இரண்டால் டீசல் குழாயோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். சாரதித் தம்பி புகை மணம் பட்டதும் வாகனத்தை ஓரங்கட்டிவிட்டுக் குதித்துவிட்டான், அல்ஹம்துலில்லாஹ். ஏற்றியிருந்த துணி முழுவதும் செக் கொடுத்துக் கடனுக்கு எடுத்தது. செக்கின் திகதி வாகனம் எரிந்ததென்று தள்ளிப்போகாது. மூன்று வருடமாகச் சேர்த்த முதலை அந்த முதலாளி இரண்டு அடி றப்பரும் ஒரு பியூஸும் இல்லாததால் இழந்தார்.

ஆகவே பியூஸ் புதிய இடத்தில், பற்றரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் இழுக்கும் அம்பியரைத் தாங்கக்கூடிய பெரிய வகைப் பியூஸ் கடைகளில் கிடைக்கிறது. வாகனத்தின் ஸ்டார்ட்டரைப் பார்த்து பாஸ் அளவைத் தீர்மானிக்க வேண்டும். பழைய பிரதான பியூஸைக் கழற்றக்கூடாது. அது உள்ளேயுள்ள வயர்களைக் காக்கும், புதியது நீண்ட கேபிளைக் காக்கும். பற்றரியைத் துண்டிக்கும் கட்-ஓப் சுவிட்ச் ஒன்றும் போடுவது நல்லது. களவுக்கும் தடை, தீக்கும் தடை. ஆனால் என்ஜின் ஓடும்போது அந்தச் சுவிட்சை மூடக்கூடாது. அல்டனேட்டரின் டயோட் எரிந்துவிடும்.

கேபிள் முழுவதும் நெளி குழாய்க்குள் போக வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் ஒரு கிளிப். இரும்பைத் துளைத்துப் போகும் ஒவ்வோர் இடத்திலும் றப்பர் வளையம். சைலன்சரிலிருந்தும், டீசல் குழாயிலிருந்தும், பிரேக் குழாயிலிருந்தும் விலகிப் போக வேண்டும்.

எர்த்தை மறக்காதீர்கள்

பிளஸ் கேபிளுக்கு ஆயிரம் கவனம் எடுத்துவிட்டு மைனஸை ஒரு துருப்பிடித்த போல்ட்டில் கட்டிவிடுவார்கள். போன மின்சாரம் திரும்பி வர வேண்டாமா? பற்றரி மைனஸிலிருந்து செசிக்கு, பெயின்டைச் சுரண்டி வெள்ளை இரும்பில், பிளஸ் கேபிளின் அதே தடிப்பில் ஒரு குட்டைக் கேபிள். அதோடு முடியவில்லை. என்ஜின் றப்பர் மவுன்ட்களில் இருக்கிறது. அது செசியோடு நேரடியாகத் தொடர்புபடுவதில்லை. ஆகவே செசியிலிருந்து என்ஜினுக்கு அதே தடிப்பில் இன்னொரு எர்த் போட வேண்டும். போடாவிட்டால் மின்சாரம் அக்சலேட்டர் கேபிள், கியர் கேபிள் என்று கிடைத்த வழியால் போய் அவற்றை எரித்துவிடும்.

வேலை நடக்கும்போது

கழற்றும்போது மைனஸ் முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசியில். பெட்டிக்கு வெல்டிங் வேலை இருந்தால் வாகனத்துக்கு வெளியே செய்துகொண்டு வந்து பூட்டச் சொல்லுங்கள். வாகனத்தில் வைத்து வெல்ட் பிடித்தே ஆக வேண்டுமென்றால் பற்றரியைக் கழற்றித் தூரத்தில் வைத்து, அல்டனேட்டர் வயரையும் கழற்றிவிட வேண்டும்.

வேலை முடிந்ததும் கூலியைக் கொடுப்பதற்கு முன் உங்கள் முன்னாலேயே மீற்றர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒருவர் ஸ்டார்ட் பண்ணும்போது பற்றரி பிளஸ் முனைக்கும் ஸ்டார்ட்டரின் முனைக்கும் இடையில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. பற்றரி மைனஸுக்கும் என்ஜின் பிளொக்குக்கும் இடையில் 0.2 வோல்ட் அளவைத் தாண்டக் கூடாது. நல்ல பாஸ் இதற்குக் கோபிக்கமாட்டார். ஒரு வாரம் ஓடிய பிறகு எல்லா நட்டுகளையும் திரும்ப இறுக்க வேண்டும். பிறகு மாதத்துக்கு ஒரு தடவை கேபிளைக் கையால் தடவிப் பார்க்கச் சாரதியைப் பழக்குங்கள்.

வாகனம் யாருடையது?

லீசிங்கில் எடுத்த வாகனமென்றால் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக இருப்பது நீங்களல்ல, லீசிங் நிறுவனம்தான். இஸ்லாமிய முறையிலான இஜாரா என்றாலும் தவணை முடியும் வரை பொருள் அவர்களுடையது. நமது கையில் அது அமானத். அதில் துளை போடுவதற்கு முன் எழுத்து மூலம் அனுமதி கேட்பதே முறை. காப்புறுதி எடுத்த இடத்துக்கும் அறிவித்துவிடுங்கள். வாகனம் தீப்பற்றினால் அவர்கள் முதலில் தேடுவது வயரிங்கில் யார் கை வைத்தது என்பதைத்தான். வேலை செய்த கராஜின் பில், பாவித்த கேபிளின் அளவு, பியூஸின் அளவு ஆகியவற்றை வாகனப் புத்தகத்தோடு ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். வாகனத்தை விற்கும்போது வாங்குபவருக்கும் இந்த மாற்றத்தைச் சொல்லிவிட வேண்டும். குறையை மறைத்து விற்பது நமக்கு ஆகாத வியாபாரம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கச் சொல்லித் தந்த மார்க்கம் நம்முடையது. பற்றரியை இடம் மாற்ற நினைக்கும் சகோதரர்கள் இன்றிரவே ஒரு சின்ன வேலை செய்யட்டும். இப்போது வாகனத்தில் இருக்கும் பற்றரியை எந்த மாதம் வாங்கினீர்கள், அதற்கு முந்தியது எத்தனை மாதம் நின்றது என்று ஒரு தாளில் எழுதுங்கள். நாளைக் காலை மீற்றர் வைத்துப் பார்த்து அதையும் அதே தாளில் எழுதுங்கள். அதற்குப் பிறகு பாஸிடம் போங்கள். தாளோடு போகும் வியாபாரிக்குக் கராஜில் கிடைக்கும் பதில் வேறாகத்தான் இருக்கும்.